நீரில் பைண்டர்: ஏற்காட்டில் ஒரு பரீட்சை

மார்பை அழுத்திச் சமப்படுத்தும் பைண்டரைத் திருநம்பிகளாகிய நாங்கள் ஏன் அணிகிறோம் என்பதை இங்கே விஸ்தரிக்க அவசியமில்லை. ஆயினும், ஈர உடையில் பிறர் கண்ணில் படுவதற்கு அஞ்சியே நீச்சலைத் துறந்துவிட்டவர்கள் எங்களுள் அநேகர் ஆதலால், நீச்சலுக்கென்றே தைத்த பைண்டர் ஒன்றை, சேர்வராயன் மலைமேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் விடுதிக் குளமொன்றில் அணிந்து நீந்திய அனுபவத்தைச் சொல்வது பிரயோஜனமாகும் என்று கருதுகிறேன்.

துணி, நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது. பருத்தி உள்துணி இல்லாததால் நீரைக் குடித்துக் கனப்பதில்லை. கீழ்விலாவுக்கு மேலேயே நின்றுவிடுவதால் வயிறு தாராளமாக அசைகிறது. மேலே தளர்ந்த கறுப்புச் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால், பார்ப்பவருக்கு வேற்றுமை ஏதும் தோன்றாது.

முக்கியமான விஷயம் சுவாசம். கழுத்தளவு நீரில் நிற்கும் எவருடைய மார்பையும் நீரே நெருக்குகிறது. அதனுடன் துணியின் இறுக்கமும், கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துள்ள மலைக்காற்றின் அழுத்தமும் சேரவே, சேலத்தில் அனாயாசமாகக் கடக்கும் தூரத்தை இங்கே நடுவில் நின்று மூச்சு வாங்கியே கடந்தேன். அன்றாடம் அணிவதைவிட ஓர் அளவு பெரியதையே இதற்கெனத் தேர்ந்திருந்தேன். மார்பு சற்றே எழும்பித் தெரிந்தது. தெரியட்டும்! தோற்றத்துக்காக மூச்சைப் பணயம் வைப்பது தகாது. பல தேசங்களிலும் பைண்டர் அணியும் 1,800 பேரிடம் விசாரித்து 2017-இல் வெளியான ஆய்வில், 97 விழுக்காட்டினர் முதுகுவலி, மூச்சுத்திணறல் போன்ற ஏதேனும் ஓர் உபாதையைக் கூறியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் எளிதில் கிடைக்கிறதென்று கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு நீரில் இறங்கும் இளைஞர்களை மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். அது அசைய அசைய இறுகி விலாவெலும்பை வதைக்கும்.

தம் பாலினத்தைத் தாமே நிர்ணயிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் அங்கீகரித்த பின்னும், குளத்தருகே உடைமாற்ற ஆண், பெண் என்ற இரண்டு கதவுகளே இருந்தன. தங்கிய அறையிலேயே அணிந்து வந்தேன். நனைந்த பைண்டரைத் தலைவழியே கழற்ற முயன்றால் தோள் நோகும்; இடுப்புவழியே கீழிறக்குவதே சுலபம். குளோரின் ஸ்பான்டெக்ஸை அரிக்குமாதலால் உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, மருத்துவரைக் கேளாமல் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மற்றவர்கள், ஆழமில்லாத பக்கத்தில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, நிதானமாக நீந்தத் தொடங்கலாம்.