குழித்தறி இருந்த கூடம்

ஆரணியில் பழைய நெசவாளர் வீட்டை யாராவது புதுப்பிக்கிறார்கள் என்றால் நான் முதலில் எட்டிப் பார்ப்பது கூடத்துத் தரையைத்தான். நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்த இடம் அது. பெரும்பாலும் மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். ஒரு வீட்டில் மட்டும் குழியை அப்படியே விட்டு, பலகை மூடி போட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். மூடியைத் தூக்கினால் குப்பென்று மண்ணின் குளிர்ச்சி. குழியின் உதட்டில், தொடை உரசி உரசி வழவழத்துப்போன மரச்சட்டம். விரலால் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஜவ்வாது மலையில் பிறந்து வரும் கமண்டல நாக நதி ஊரை ஒட்டிப் போகிறது. பாதி நாள் வெறும் மணல்தான், அது வேறு கதை. ஆனால் மழைக்காலத்தில் ஆற்றோர வீடுகளின் சுவரில் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிடும். பழைய சுண்ணாம்புப் பூச்சு அதை உறிஞ்சி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பளபளப்பான பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, அடுத்த ஐப்பசிக்குள் அப்பளமாகப் பொரிந்து உதிரும். "சுவரு மூச்சு விடணும் சார்" என்றார் குழியை மூடாமல் விட்ட அந்த வீட்டின் கொத்தனார். அங்கே கழிப்பறை, மாடுலர் கிச்சன், ஏசி எல்லாம் வந்துவிட்டன. முற்றத்துக்கு மட்டும் கண்ணாடிக் கூரை போட்டுவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மழை உள்ளே விழாத முற்றம் என்ன முற்றம்?