நின்று விளையாடும் படங்கள்

இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். இருவர் இடுப்பிலும் வாள் இருக்கிறது, உறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, இசை இல்லை. ஏறத்தாழ அரை நிமிடம் அப்படியே நிற்கிறார்கள். பிறகு ஒரே ஒரு வீச்சு. ஒருவர் மார்பிலிருந்து ரத்தம் பீறிட்டு அடிக்கிறது, ஆள் சாய்கிறார். ஆட்டம் முடிந்தது.

அகிரா குரோசவாவின் 'சஞ்சூரோ' படத்தின் கடைசிச் சண்டை இது. 1962இல் வந்த படம். வென்றவர் தோஷிரோ மிஃபூனே, வீழ்ந்தவர் தட்சுயா நகடாய். இந்த ஒரு வீச்சை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அதற்குள் ஒரு முழு ஆட்டத்தின் கணக்கு இருப்பது தெரியும். நகடாய் முறைப்படி வலக்கையால் வாளை உருவி மேலே கொண்டுபோகிறார். அந்த வாள் முழுதாக வெளியே வந்து, உயர்ந்து, இறங்க வேண்டும். மிஃபூனே அந்தப் பாதையையே எடுக்கவில்லை. இடக்கையால், பிடியைத் தலைகீழாகப் பற்றி உருவுகிறார். உறையிலிருந்து கிளம்பும் வாள் நேரே எதிராளியின் உடம்புக்குப் போகிறது, வலக்கை பின்னாலிருந்து அதைத் தள்ளிக்கொடுக்கிறது. நெருங்கி நிற்கும்போது குறுகிய வீச்சுதான் முதலில் போய்ச் சேரும். அதை எந்த நேரத்தில் முடிவு செய்தார்? அந்த அரை நிமிடத்தில்தான். எதிராளியின் தோள், மூச்சு, கை எந்தப் பக்கம் போகத் துடிக்கிறது என்பதையெல்லாம் படித்து முடித்த பிறகுதான் அந்தக் கை எழுந்தது.

ஜப்பானியப் படம் என்றதும் நம் ஊரில் முதலில் வரும் குறை, ரொம்ப மெதுவாகப் போகும் என்பது. படம் பார்ப்பதில் பழக்கம் உள்ள நண்பர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது வியப்பாக இருக்கும். ஏனென்றால் சொல்கிறவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள். தச்சங்குறிச்சியில் ஆண்டுதோறும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டைப் பார்க்கப் போகிறவர்கள், 2019இல் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டதைக் கண்டவர்கள். வாடிவாசலைத் தாண்டியதும் ஓடிவிடும் மாட்டை அவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. வெளியே வந்து, களத்தின் நடுவில் நின்று, தலையைத் தாழ்த்தி, யார் வருகிறான் பார்க்கலாம் என்று சுற்றும் முற்றும் பார்க்கிறதே, அந்த நின்று விளையாடும் காளைதான் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் பேச்சாகிறது. மாடு நிற்கிற அந்தச் சில நொடிகளில் ஒருவர்கூட வேறு பக்கம் பார்ப்பதில்லை. திமிலை நோக்கிப் பாயப்போகும் வீரன் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறான், மாட்டின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கூட்டம் முழுக்கக் கணிக்கிறது. இந்தக் கண் இருப்பவர்களுக்கு ஜப்பானியப் படம் மெதுவாகத் தெரியக் கூடாது. அவர்கள் அந்தக் கண்ணைத் திரையரங்குக்குக் கொண்டுபோவதில்லை, அவ்வளவுதான்.

'ஏழு சாமுராய்கள்' (1954) படத்தில் கியூஸோ என்ற வாள்வீரனின் அறிமுகத்தைப் பாருங்கள். செய்ஜி மியாகுச்சி நடித்த பாத்திரம். முதல் சுற்று வாளில்லாமல், கம்புகளோடு நடக்கிறது. எதிராளி சமன் என்கிறான். கியூஸோ, உண்மையான வாளாக இருந்தால் நீ செத்திருப்பாய் என்கிற பொருளில் அமைதியாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். எதிராளிக்குப் பொறுக்கவில்லை, வாளோடு இரண்டாம் சுற்று. அவன் கத்துகிறான், வாளைத் தலைக்கு மேல் தூக்குகிறான், தரையை மிதித்துக்கொண்டு வருகிறான். கியூஸோ வாளைக் கீழே, உடலுக்குப் பின்னால் ஒதுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வெட்டு. எதிராளி விழுவதை மட்டும் குரோசவா மெதுவாக ஓடவிடுகிறார். வெட்டு இயல்பான வேகத்தில் போய்விடுகிறது, கண்ணில் நிற்பது முன்னும் பின்னும்தான். இந்தப் படத்துக்கு வாள்பயிற்சி அமைத்தவர் யோஷியோ சுகினோ, கதோரி ஷிந்தோ மரபில் தேர்ந்த ஆசான். அதனால்தான் நிற்கும் நிலையில்கூடப் பொய் இல்லை.

அதே படத்தில் அதற்கும் முன்பே இன்னொரு காட்சி. குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு குடிசைக்குள் பதுங்கியிருக்கும் திருடனைப் பிடிக்க, தலையை மழித்துத் துறவி வேடம் போட்டுக்கொண்டு போகிறார் தலைவர் கம்பேய். கையில் இரண்டு சோற்று உருண்டைகள். உள்ளே நடந்த சண்டை நமக்குக் காட்டப்படவே இல்லை. வெளியே நிற்கும் ஊர் ஜனங்களோடு நாமும் நிற்கிறோம். திருடன் வெளியே ஓடி வருகிறான், நிற்கிறான், விழுகிறான். ஆட்டத்தைக் காட்டாமல் ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கம்பேயாக நடித்தவர் தகாஷி ஷிமுரா. இரண்டே ஆண்டுகளுக்கு முன் 'இகிரு' (1952) படத்தில் இதே மனிதர்தான் வயிற்றுப் புற்றுநோய் வந்த நகராட்சி அலுவலர். ஆட்டக்காரர்களின் ஃபார்மை அலசுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பெரிய பாடம். 'இகிரு'வில் அவருடைய தோள் முன்னால் விழுந்திருக்கும். கழுத்து உள்ளே போயிருக்கும், குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். யாராவது எதிரே வந்தால் அரை அடி ஒதுங்கித்தான் நடப்பார். கம்பேயாக வரும்போது முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது. யோசிக்கும்போது மழித்த தலையை உள்ளங்கையால் தடவிக்கொள்வார். அந்த ஒரு பழக்கத்திலேயே பல போர்களைப் பார்த்த களைப்பும் நிதானமும் வந்துவிடுகின்றன. ஒப்பனையாலும் உடையாலும் மட்டும் இந்த மாற்றம் வந்துவிடாது. நிற்கும் முறையை மாற்றினார், ஆளே மாறிவிட்டார்.

ஒரே உடம்பு இரண்டு விதமாகச் சண்டை போடுவதையும் குரோசவா காட்டியிருக்கிறார். 'ரஷோமோன்' (1950). சாமுராய் ஒருவனோடு போட்ட சண்டையைக் கொள்ளைக்காரன் தன் வாயால் சொல்லும்போது அது வீரச் சண்டை: இருபத்து மூன்று முறை வாளோடு வாள் மோதியதாகப் பெருமை அடிக்கிறான், கால்கள் துள்ளுகின்றன, வீச்சு சுத்தமாக இருக்கிறது. அதே சண்டையை விறகுவெட்டி சொல்லும்போது இருவர் கையும் நடுங்குகிறது, மூச்சு இரைக்கிறது, தடுக்கி விழுகிறார்கள், வாளைத் தரையில் விட்டுவிட்டுத் தவழுகிறார்கள். நடித்தவர்கள் அதே மிஃபூனே, அதே மசாயுகி மோரி. தோற்ற ஆட்டக்காரர் பேட்டியில் சொல்வதையும், பிறகு வீடியோவில் ஓடுவதையும் பார்த்துப் பழகிய எங்களுக்கு இந்தப் படம் மிக நெருக்கம்.

தமிழுக்கு ஜப்பானியப் படத்தின் முதல் பெரிய அடி இதன் வழியாகத்தான் விழுந்தது. வீணை எஸ். பாலசந்தர் 'ரஷோமோன்' தந்த உந்துதலில் ஏவி.எம். நிறுவனத்துக்கு இயக்கிய 'அந்த நாள்', பாட்டே இல்லாமல் 1954 ஏப்ரலில் வெளியானது. ஜப்பானில் 'ஏழு சாமுராய்கள்' திரைக்கு வந்ததும் அதே மாதம்தான். ஐம்பது ஆண்டு கழித்து, 2004 பொங்கலுக்கு வந்த 'விருமாண்டி'யில் கமல்ஹாசன் அதே இருவாய்ச் சாட்சி முறையை ஜல்லிக்கட்டு மண்ணில் கொண்டுவந்து வைத்தார். மிஷ்கின் ஜப்பானியப் படமான 'கிகுஜிரோ'வை 'நந்தலாலா' ஆக்கினார். அவருடைய 'யுத்தம் செய்' மேம்பாலச் சண்டையில் அடியாட்கள் தயங்கி நிற்கும் இடங்களில் குரோசவாவின் மாணவர் தெரிகிறார். மறுபக்கம், 1998இல் டோக்கியோவில் ரஜினிகாந்தின் 'முத்து' ஓடிய ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். நம் பாட்டையும் ஆட்டத்தையும் வாயசைத்து ரசிக்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய நிதானத்தை ரசிக்க நம் பொது ரசிகர்கள் இன்னும் அதே அளவு முயலவில்லை என்பது என் வருத்தம்.

அந்த நிதானத்தைப் பழக வெகுதூரம் போக வேண்டாம். சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர், அன்னவாசலுக்குப் பக்கம். அங்குள்ள அறிவர் கோயில் குடைவரையின் தூண்களில் இரண்டு ஆடல் மகளிர் ஓவியங்கள் இருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆள் என்று விரல்விட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தூணுக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். ஒருத்தியின் கை உடலுக்குக் குறுக்காக, தோளிலிருந்து விரல்நுனி வரை ஒரே வளைவில் நீண்டிருக்கிறது. ஓவியத்தின் கீழ்ப்பகுதி பெரிதும் சிதைந்துவிட்டது. பாதம் எங்கே ஊன்றியிருந்தது என்பதைப் பார்க்க வழியில்லை. ஆனாலும் இடை ஒடிந்திருக்கும் கோணத்தையும் தலை சாய்ந்திருக்கும் பக்கத்தையும் வைத்து, எடை எந்தக் காலில் இருந்திருக்கும் என்று கணிக்க முடிகிறது. சுழற்சியின் உச்சத்தை வரைந்திருக்கலாம். அந்த ஓவியர் அதைச் செய்யவில்லை. ஓர் அசைவு முடிந்து அடுத்தது கிளம்பும் இடத்தில் அவளை நிறுத்தினார். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் அவள் அடுத்த அடி வைக்கப்போகிறாள் என்றே தோன்றுவதற்கு அதுதான் காரணம். இதே குன்றின் மேலே ஏழடிப்பட்டம் குகையில் 17 கல் படுக்கைகளில் கிடந்தும் இருந்தும் தவம் செய்த சமணர்கள், அசையாதிருப்பதையே ஒரு பயிற்சியாகக் கொண்டவர்கள். நிதானத்தைப் பார்க்கும் கண் நமக்குப் புதிதில்லை என்று நான் சொல்வதற்கு இந்த மலையே போதும்.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கதை' (1953) படத்துக்கு வருகிறேன். இதில் வாளும் இல்லை, போரும் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க வந்த வயதான அப்பா அம்மா, அவ்வளவே கதை. அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49. எழுபது வயதுக்காரரை அவர் எப்படிக் கொண்டுவந்தார் என்று கவனியுங்கள். குரலை நடுக்கவில்லை, கையை ஆட்டவில்லை. உட்காரும்போது முதுகைக் கொஞ்சம் உருட்டிக்கொள்கிறார், பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுகிறார், பிறகு சிரித்தபடி தலையசைக்கிறார். அதாமி கடற்கரைச் சுவரில் இருவரும் உட்கார்ந்திருந்துவிட்டு எழும் காட்சியில், அம்மா ஒரு கணம் தடுமாறித் தரையில் கையூன்றுகிறார். ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்துவிடுகிறார். படத்தின் பிற்பகுதி முழுவதும் அந்த ஒரு தடுமாற்றத்தின் மேல் நிற்கிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதைத் தவறவிட்டிருப்பார், பிறகு படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்பார்.

விளையாட்டையே கதையாகக் கொண்ட ஜப்பானியப் படைப்புகளில் இந்தக் குணம் இன்னும் வெளிப்படை. சுமோவில் மோதல் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். மோதலுக்கு முன் உப்பைத் தூவுவதும், குந்துவதும், முறைப்பதும், எழுந்து போய்த் திரும்ப வருவதும் நிமிடக்கணக்கில் போகும். முன்பு அதற்குக் கால வரம்பே கிடையாது. 1928இல் வானொலி ஒலிபரப்பு வந்தபோதுதான் பத்து நிமிடம் என்று வரையறுத்தார்கள், இப்போது முதல் பிரிவு வீரர்களுக்கு நான்கு நிமிடம். இந்தக் கணக்கை உணர்ந்து எடுத்த தொடர் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சாங்க்சுவரி' (2023). எட்டு பகுதிகளாகக் கதாநாயகனை ஒரு பெரிய மோதலுக்குத் தயார்செய்துவிட்டு, இருவரும் பாயும் கணத்தில் தொடரை முடித்துவிடுகிறார்கள். யார் வென்றார் என்று சொல்லவே இல்லை. பலருக்கு ஏமாற்றம், எனக்கு அது சரியான முடிவு. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த வளையத்துக்குள் குந்தியிருந்தபோதே சொல்லியாகிவிட்டது. 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' (2022) அனிமேஷன் படத்தில் தகேஹிகோ இனோவே கூடைப்பந்தாட்டத்தின் கடைசி நொடிகளில் ஒலியை அறவே எடுத்துவிடுகிறார். 79-78 என்று முடியும் ஆட்டம் அது. மைதானத்தில் நின்று ஆடியவர்களைக் கேளுங்கள், கடைசிப் பந்தின்போது கூட்டத்தின் சத்தம் காதில் விழாது என்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் படம் கோன் இச்சிகாவாவின் 'டோக்கியோ ஒலிம்பியாட்' (1965). 1964 ஒலிம்பிக்கின் ஆவணம். ஒலிம்பிக்கில் பெண்கள் கைப்பந்து அறிமுகமானது அந்த ஆண்டுதான். அக்டோபர் 23 அன்று தங்கத்தை முடிவு செய்த கடைசி ஆட்டத்தில் ஜப்பான் சோவியத் அணியை 3-0 என்று வென்றது. கடுமையான பயிற்சிக்குப் பேர்போன ஹிரோபூமி டைமட்சுதான் பயிற்சியாளர். வெற்றிக்குப் பின் வீராங்கனைகள் கட்டிப்பிடித்து அழும்போது, கேமரா அவரைத் தேடிப் போகிறது. அவர் தனியாக நிற்கிறார். முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை, இனி என்ன செய்வது என்று தெரியாதவர்போல் இருக்கிறார். நேரடி ஒளிபரப்பில் ஆயிரம் ரீப்ளே காட்டும் நாம், வென்ற பயிற்சியாளரின் முகத்தை இவ்வளவு பொறுமையாக எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

ஜப்பானியப் படங்களில் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லவரவில்லை. அசட்டுக் கத்தலும் அழுகையும் உள்ள தொடர்கள் அங்கேயும் ஏராளம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'சஞ்சூரோ'வில் தொடங்கலாம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். 'டோக்கியோ கதை'யைக் கொஞ்சம் பழகிய பிறகு, வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மழையால் மைதானம் நனைந்து பயிற்சி நின்றுபோகும் நாளில், பள்ளியின் ஸ்மார்ட் வகுப்பறையில் 'டோக்கியோ ஒலிம்பியாட்' படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்க வேண்டாம். தொடக்கக் கோட்டில் யார் எப்படி நின்றார்கள் என்று கேளுங்கள்.