புதியோன் புகும் களம்: இணையவழிப் போர் விளையாட்டுக்கள் குறித்த ஒரு மதிப்பீடு

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். நகை பிறத்தற்கு அவர் கூறிய நிலைக்களன்களுள் இளமையும் பேதைமையும் மடமையும், பிறரை இகழும் எள்ளலும் அடங்கும். இவ்விரு நூற்பாக்களையும் மேல்வகுப்பு மாணவர்க்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்துள்ளேன். எனினும் இவை இரண்டும் ஒரே களத்தில் ஒன்றோடொன்று மோதக்கூடும் என்பது, கைத்தொலைபேசியில் ஆடப்படும் போர் விளையாட்டொன்றினுட் புகும்வரை எனக்குத் தோன்றியதில்லை. உவகையை நாடி அங்கே செல்லும் புதியவன் தன் இளமையாலும் பேதைமையாலும் பிறர் நகைக்குப் பொருளாகின்றான். அப்புதியவனின் நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலையில் உட்துறைமுகத்தை அடுத்த வீதிகளிலும் டச்சுக்குடாக் கடற்கரையிலும் மாலை வேளையில் உலாவுவோர், மதிலோரங்களில் நால்வர் ஐவராக அமர்ந்து தலைகுனிந்திருக்கும் இளைஞரைக் காண்பர். அவர்கள் எதிரே கடல் இருக்கும், கப்பல் இருக்கும், அவர்கள் பார்ப்பதில்லை. அவர்கள் ஆடுவது பெரும்பாலும் பிரீ பயர், அல்லது பப்ஜி. இவற்றைக் கண்டித்தெழுதுதல் எளிது. ஆசிரியர் அறைகளில் அது நாள்தோறும் நிகழ்வது. ஆயின், ஒரு நூலைப் படியாது மதிப்பிடுதல் திறனாய்வு ஆகாதவாறு போல, ஆடாது விளையாட்டை மதிப்பிடுதலும் திறனாய்வு ஆகாது. ஆதலின் நாற்பது வயதைக் கடந்த நிலையில் யானும் ஆடத் துணிந்தேன்.

ஆட்டத்தின் அமைப்பை முதலிற் கூறுதல் வேண்டும். பப்ஜி என்பது அயர்லாந்தைச் சேர்ந்த பிரண்டன் கிரீன் என்பவர் வடிவமைக்க, தென்கொரிய நிறுவனமொன்று 2017இல் வெளியிட்டது. நூறு பேர் வானூர்தியிலிருந்து ஒரு தீவிற் குதித்து, கிடைத்த ஆயுதத்தை எடுத்து, ஒருவரை ஒருவர் கொன்று, இறுதியில் ஒருவரோ ஓரணியோ எஞ்சுவது அதன் விதி. ஆட்டத்தின் எல்லை நேரம் செல்லச்செல்லச் சுருங்கும். ஆதலால் ஒளிந்திருத்தலும் நெடுநேரம் இயலாது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வெளியிட்ட பிரீ பயரில் ஐம்பதின்மர் பொருதுவர், ஆட்டமும் குறுகியது. விலைகுறைந்த கைத்தொலைபேசியிலும் ஓடுவதால் எம் போன்ற ஊர்களில் அது வேரூன்றிற்று. இவ்வகை ஆட்டத்திற்குப் பெயரளித்தது கோஷுன் தகாமி என்னும் ஜப்பானியர் 1999இல் வெளியிட்ட நாவல். அந்நாவலில் ஒரு தீவில் விடப்பட்டு ஒருவரை ஒருவர் கொல்லுமாறு ஏவப்படுவோர் பள்ளி மாணவர் ஆவர். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனை அறிந்து வைத்தல் தகும்.

நூற்றுவர் பொருதும் களம் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவது பாரதமே. அதிலும் பதின்மூன்றாம் நாட் போரில் சக்கரவியூகத்துட் புகுந்த அபிமன்யுவின் கதை இங்கு மிகப் பொருந்துவது. புகும் வழி அவனுக்குத் தெரியும். மீளும் வழி தெரியாது. பின்வந்த துணையைச் சயத்திரதன் தடுத்தான்; உள்ளே பெருவீரர் பலர் சூழ்ந்து ஒருவனை வீழ்த்தினர். இணையவழி ஆட்டத்திற் புகும் புதியவனும் இத்தகையனே. பெயரைப் பதிந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே சென்றுவிடலாம். அதன் பின்னர்க் கற்க வேண்டியவை பல, கற்பிப்பார் இலர்.

யான் முதல் ஆட்டத்தில் இரண்டு நிமிடம் உயிர்வாழ்ந்தேன். எவர் சுட்டார், எத்திசையிலிருந்து சுட்டார் என்பது விளங்கவில்லை. என் அணியிற் சேர்க்கப்பெற்ற முன்பின் அறியாத மூவருள் ஒருவர், தூய தமிழில் என்று சொல்ல இயலாத தமிழில், என் தாயாரைக் குறித்து ஒரு சொற் கூறினார். மற்றொருவர் ‘நூப்’ என்றார். புதியவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றின் சிதைவே அது. பெயர்ச்சொல் வசைச்சொல்லாதல் மொழிவரலாற்றிற் புதிதன்று. ஆனால் ‘புதியவன்’ என்பதே வசையாகும் சமுதாயம் எத்தகையது என்பது சிந்தித்தற்குரியது.

இக்கொடுமை இன்று தோன்றியதன்று. பலர் கூடி ஆடும் கணினி உலகம் 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ, றிச்சட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவரால் எழுத்துவடிவிற் படைக்கப்பட்டது. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் ஆட்டக்காரரை நால்வகைப்படுத்தினார்: வெற்றிப்பேறு நாடுவோர், உலகை ஆராய்வோர், உறவாடுவோர், பிறரை வருத்தி மகிழ்வோர். நான்காம் வகையினர் பெருகின் ஏனையோர் அருகுவர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே அதற்குச் சான்று கிடைத்தது. 1997இல் வெளியான அல்ரிமா ஒன்லைன் என்னும் ஆட்டத்தில், நகர்க்காவல் எல்லையைக் கடந்த எவரையும் எவரும் கொன்று உடைமையைக் கவரலாம். எல்லையைக் கடந்த புதியவர்கள் ஆறலைகள்வர் கையில் அகப்பட்ட வழிப்போக்கர் ஆயினர். இறுதியில் 2000ஆம் ஆண்டு நிறுவனத்தார் அவ்வுலகை இரட்டித்து, ஒன்றிற் கொலையைத் தடைசெய்தனர்.

இவ்விடத்து, கொல்லப்படுதலே புதியவன் படும் துன்பம் என்று முடிபு கொள்ளத் தோன்றும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எனது எண்ணத்தை மாற்றியது ஈவ் ஒன்லைன் பற்றிய ஒரு செய்தி. விண்வெளியிற் கப்பல் செலுத்தும் அவ்வாட்டம் 2003இல் ஐஸ்லாந்தில் உருவாயிற்று. கொடுமைக்குப் பெயர் பெற்றது. அதனை நடத்தும் நிறுவனத்தார் 2015இல் ஏறத்தாழ 80,000 புதிய ஆட்டக்காரரின் தொடக்க நாட்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிபு வியப்பூட்டுவது: காப்பு எல்லையினுள் விதிக்கு மாறாகக் கொல்லப்பட்டோர் மிகச் சிலரே, அவர்களே மற்றையோரினும் நெடுங்காலம் ஆட்டத்தில் நிலைத்தனர். எவராலும் தீண்டப்படாதோர் பலர் ஓசையின்றி விலகினர். துணிந்து வெளிச்சென்றவரே கொல்லப்பட்டனர், துணிவுடையோர் எவ்வாறாயினும் நிலைப்பர் என்று இதற்கு மறுப்புரைக்கலாம், அம்மறுப்பிலும் உண்மையுண்டு. ஆயினும் அம்முடிபு ஒன்றைக் காட்டிற்று. தோல்வி புதியவனைத் துரத்துவதில்லை. தோல்வியின் காரணம் அறியாது தனித்து விடப்படுதலே அவனைத் துரத்துகின்றது. அதே ஆட்டத்தில் 2004 முதல் ஈவ் யுனிவர்சிட்டி என்னும் பெயரில் ஆட்டக்காரரே கூடிப் புதியவர்க்குப் பாடம் நடத்தி வருதலும் இதனை வலியுறுத்தும்.

இதனை யான் நூலறிவாற் கூறவில்லை. யான் வெளிவாரி மாணவனாகக் கலைமாணிப் பட்டத்துக்குப் பயின்றவன். விரிவுரை இல்லை, விரிவுரையாளர் முகமும் அறியேன். ஒரு பாடத்தில் முதன்முறை சித்தியடையவில்லை. வந்த தாளிற் சுட்டெண்ணும் ஓர் எழுத்துமே இருந்தன. எவ்வினாவிற் பிழைத்தேன் என்பதை இன்றளவும் அறியேன். சித்தியடையாமை வருத்தவில்லை என்று கூறேன். ஆனால் அவ்வெழுத்தை நோக்கி நோக்கி ஒன்றும் விளங்காதிருந்த அந்த மாதங்களே என்னைப் படிப்பை விட்டுவிடும் எல்லைவரை கொண்டுசென்றன.

இனி, நிறுவனங்கள் கண்ட மருந்தை நோக்குவாம். நான்காம் நாள் யான் ஆறு பேரை வீழ்த்தினேன். பெருமிதத்தோடு மறுநாட் பாடசாலையிற் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கூற, அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சேர், அதெல்லாம் பொட்” என்றான். பொட் என்பது மனிதர்போல் இயங்கும் இயந்திர வீரர். அவை குறிதவறிச் சுடும், வெளியில் வந்து நிற்கும், இறக்கும். கணினியில் ஆடப்படும் பப்ஜியில் 2020இல் இவற்றைச் சேர்த்தபோது, பழையோர்க்கும் புதியோர்க்கும் திறமை இடைவெளி பெருகிவிட்டமையே காரணமாகக் கூறப்பட்டது. கைத்தொலைபேசி ஆட்டங்களில் தொடக்க நிலைகளில் இவை மலிந்துள்ளன.

என் மதிப்பீட்டில் இது அருளன்று, வஞ்சம். சதுரங்க உலகில் ஆர்பாட் இலோ என்னும் இயற்பியற் பேராசிரியர் வகுத்த தரப்புள்ளி முறையை அமெரிக்கச் சங்கம் 1960இலும் உலகச் சங்கம் 1970இலும் ஏற்றன. அம்முறை ஒப்பாரை ஒப்பாரோடு பொருத உதவுவது; அங்கே எதிரே இருப்பவன் மனிதன், அவன் தரம் எழுதப்பட்டிருக்கும். இவ்வாட்டங்களிலும் தரவரிசை உண்டு. ஆனால் இயந்திரத்தை வென்றவன் மனிதரை வென்றதாக நம்பவைக்கப்படுகின்றான். நம்பியே அடுத்த நிலைக்கு ஏறுகின்றான்; ஏறியதும் உண்மையான வேட்டைக்காரரிடம் விழுகின்றான். எல்லா விடைக்கும் சரியிட்டு மாணவனை மகிழ்விக்கும் ஆசிரியனும், சுட்டெண்ணும் எழுத்தும் அனுப்பும் அலுவலகமும் வேறுவேறல்ல என்க. இருவரும் அவன் பிழையை அவனுக்குக் காட்டவில்லை.

வேட்டைக்காரருள்ளும் இழிந்தவர், திறமை மிக்கிருந்தும் புதுப்பெயரில் மறைந்து தொடக்க நிலையில் இறங்குவோர். ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் தழிஞ்சி என்றொரு துறை வகுத்தார். தோற்றுப் புறங்கொடுத்தோர்மேற் படை ஓச்சாத மறவனின் தறுகண்மையைப் போற்றுவது அது. எளியோரைத் தேடிச் சென்று கொல்வோருக்கு நம் புறப்பொருள் இலக்கணத்தில் துறையே இல்லை.

நம் தெருவிளையாட்டு இதனை வேறுவகையாற் கையாண்டது. கிளித்தட்டு ஆடும் அண்ணன்மாரோடு ஐந்து வயதுத் தம்பியும் ஆட அடம்பிடித்தால், அவனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வர். (பெயர் நல்ல பெயரன்று, வழக்கம் நல்ல வழக்கம்.) அவனைத் தொட்டாலும் ஆட்டம் இழப்பதில்லை. ஆனால் இதில் வஞ்சம் இல்லை. தான் கணக்கிற் சேரவில்லை என்பது அச்சிறுவனுக்கும் தெரியும், எல்லோர்க்கும் தெரியும். அவன் மெய்யான கோடுகளில், மெய்யான ஆட்டக்காரர் நடுவே ஓடுகின்றான். கிளி எவ்வாறு திரும்புகின்றான் என்பதைக் கண்ணாற் கற்கின்றான். ஓரிரு ஆண்டில் ஒருநாள், “இனி இவனும் கணக்கு” என்று எவரேனும் அறிவிப்பர். அந்நாளின் மகிழ்ச்சியை யான் இன்றும் மறக்கவில்லை. அன்றே முதலில் ஆட்டம் இழந்ததும் நினைவிலுண்டு.

இவ்வாட்டங்களில் அத்தகைய இடம் முற்றாக இல்லை என்று கூறுதலும் நடுநிலையன்று. இறந்தவன் தன்னைக் கொன்றவனின் பார்வையில் எஞ்சிய போரைக் காண இயலும். இது மிகச் சிறந்த கல்விக் கருவி. இதனைப் பயன்படுத்துமாறு புதியவனுக்கு எவரும் சொல்வதில்லை என்பதே குறை. நால்வர் அணியில் ஆடும்போது, வீழ்ந்தவன் உடனே இறப்பதில்லை. தோழன் அருகே வந்து சில நொடிகள் நின்றால் எழுப்பலாம். ஆனால் அந்நொடிகளில் எழுப்புபவன் தானே சுடப்படக்கூடும். அறியாத ஒருவனுக்காக அந்நொடிகளைச் செலவிடுவோர் அரியர்.

பொட் என்று சிரித்த அம்மாணவன் வகுப்பிற் பின்வரிசையில் இருப்பவன். தமிழ்ப்பாடத்தில் என்னிடம் பலமுறை ஒற்றை இலக்கப் புள்ளி பெற்றவன். அப்புள்ளிகளின் கீழ் யான் காரணம் எழுதியதில்லை என்பதை இக்கட்டுரை எழுதும்போதே உணர்ந்தேன். ஒரு சனிக்கிழமை அவன் தன் அணியில் என்னைச் சேர்த்துக்கொண்டான். யான் வழக்கம்போல் வெட்டவெளியில் ஓடி வீழ்ந்தேன். அவன் புகைக்குண்டொன்றை எறிந்து, அதன் மறைவில் வந்து என்னை எழுப்பினான். பின்னர், “சேர், தனிய ஓடாதீங்க. நான் நிக்கிற மரத்தடிக்கு வாங்க. சுடுற சத்தம் எந்தப் பக்கமெண்டு முதல்ல கேளுங்க” என்றான். கேட்டேன். இடப்பக்கம், தொலைவில், மேட்டின்மேல் இருந்தது.