எம் 49: எண்களும் எல்லைகளும்

நாடுகளுக்கு எண் தந்து பிராந்தியங்களாக அடுக்கும் ஐ.நா. புள்ளியியல் பிரிவின் எம் 49 வகைப்பாட்டைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் ரஷ்யாவில் தொடங்குவார்கள். விளாடிவோஸ்டாக் எந்தக் கணக்கில் கிழக்கு ஐரோப்பா என்பது அவர்கள் கேள்வி. இது மலிவான கேள்வி. இவ்வகைப்பாட்டின் அலகு நிலம் அல்ல. புள்ளிவிவரம் தரும் நாடு அல்லது ஆட்புலம். ஒரு நாட்டை இரண்டு பிரிவில் வைத்தால் கூட்டுத்தொகை பிசகும். ஆகவே நிலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை அளப்பதில் நியாயமில்லை. கேட்க வேண்டியவை வேறு: ஒரு பெயர் ஓரிடத்தில் மட்டும் வருகிறதா? எல்லோரும் அடங்கினார்களா? சேர்த்த விதி எதுவோ, அதைத்தான் வெளியே சொல்லியிருக்கிறார்களா?

முதல் கேள்வியில் பழுதில்லை. இரண்டாவதில் தைவான் இடறுகிறது: இரண்டு கோடிக்கு மேல் மக்கள் வாழும் தீவுக்குத் தனி வரிசை இல்லை. எந்த அரசியல் சார்பையும் இது குறிக்காது என்று முகப்பிலேயே பொறுப்புத் துறப்பு எழுதிவைத்த ஆவணத்தில், இந்த ஒரு விடுபடலுக்கு அரசியலைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

மூன்றாவது கேள்விக்குப் போகுமுன், எண்களுக்குரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் எண் 144. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் 140க்கும் சாட் நாட்டின் 148க்கும் நடுவே அது நிற்கிறது. ஆங்கில அகரவரிசையில் 'சிலோன்' நின்ற இடம் அது. 1972இல் பெயர் மாறியது, எண் மாறவில்லை. டஹோமி பெனின் ஆன பிறகும் 204 அப்படியே இருக்கிறது. மாறாக, 2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது அதற்கு 728 தந்ததோடு நிற்காமல், எஞ்சிய சூடானின் 736ஐ நீக்கி 729 கொடுத்தார்கள். பெயர் மாறினால் எண் தொடரும். எல்லை மாறினால் எண் மாறும். காலத்தொடர் அட்டவணையை ஒருமுறையாவது தொகுத்தவருக்கு இவ்விதியின் அருமை தெரியும். பழைய சூடானின் மக்கள்தொகையையும் புதியதையும் ஒரே கோட்டில் வரையும் பிழையை எண்ணே தடுத்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வந்தால், பிராந்தியங்களில்தான் சிக்கல். கண்டங்களை உட்பிரிவுகளாக்கியதற்கு ஆவணம் மூன்று நோக்கங்களைச் சொல்கிறது: மக்கள்தொகை அளவு, மக்களியல் நிலைமை, மக்களியல் புள்ளிவிவரங்களின் துல்லியம் ஆகியவற்றில் கூடுதல் ஒருமை. சொன்ன அளவுகோலாலேயே அளப்போம். தெற்காசியாவில் சுமார் 200 கோடிப் பேர்; மைக்ரோனீசியப் பிராந்தியத்தில் சுமார் 5 லட்சம். முதல் நோக்கம் அங்கேயே விழுந்தது. 034 என்ற எண் கொண்ட தெற்காசியாவுக்குள் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றோடு ஆப்கானிஸ்தானும் ஈரானும் இருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் ஒரு பெண்ணுக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல். ஈரானில் இரண்டுக்கும் கீழ். துல்லியமோ கேட்கவே வேண்டாம்: ஆப்கானிஸ்தான் கடைசியாகக் கணக்கெடுப்பில் இறங்கிய ஆண்டு 1979, அதையும் முடிக்கவில்லை. இந்த ஒன்பது நாடுகளின் மக்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். 'தெற்காசியச் சராசரி' என்று அறிக்கைகளில் வருவது பெரும்பாலும் இந்தியாவின் எண்தான். கொழும்பையும் காபூலையும் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆனால் பிரிவுகள் கண்மூடிப் போட்டவை என்றும் சொல்ல முடியாது. தென் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தைப் பாருங்கள். ஜிம்பாப்வேயும் மொசாம்பிக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட, தெற்கில் ஐந்தே நாடுகள்: போட்ஸ்வானா, எஸ்வாத்தினி, லெசோத்தோ, நமீபியா, தென் ஆப்பிரிக்கா. இந்த ஐந்தும் அச்சு அசலாகத் தென் ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். இவற்றின் வெளிவணிகக் கணக்கு நெடுங்காலம் ஒன்றாகவே பதிவாகியது. சாகோஸ் தீவுக்கூட்டம் இன்னொரு சான்று. லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலடியில் ஒரே மலைத்தொடரின் மேல் அமைந்தவை. மாலத்தீவு தெற்காசியாவில், சாகோஸ் கிழக்கு ஆப்பிரிக்காவில். 1965 வரை அது மொரிஷியஸிலிருந்து நிர்வகிக்கப்பட்டதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. (2021இல் கனடா நோக்கிப் படகேறிய ஈழத்தமிழர்கள் சாகோஸின் டியேகோ கார்சியாவில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். இந்த வகைப்பாட்டின்படி அவர்கள் அப்போது இருந்தது கிழக்கு ஆப்பிரிக்காவில்.) பிரான்ஸின் மாவட்டமான ரீயூனியனுக்குத் தனி எண்ணும் ஆப்பிரிக்க இடமும் உண்டு; அமெரிக்காவின் மாநிலமான ஹவாய்க்குத் தனி எண்ணும் இல்லை, தனி இடமும் இல்லை. ஆக, இங்கே உண்மையில் வேலை செய்யும் விதி மக்களியல் ஒருமை அன்று. யாருடைய கணக்கு யார் வழியாக, எந்தத் தலைப்பில் வந்து சேர்ந்தது என்ற நிர்வாக வரலாறுதான் என்பது என் வாசிப்பு. விதி மோசமானதல்ல. சொல்லப்பட்ட விதி வேறு என்பதுதான் குற்றம்.

ஒப்பிட்டால் எம் 49 இன்னும் சற்று உயர்கிறது. உலக சுகாதார அமைப்பின் தென்கிழக்கு ஆசியாவில் வட கொரியா உண்டு, பாகிஸ்தான் இல்லை. உலக வங்கி 2025இல் பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் தெற்காசியாவிலிருந்து எடுத்து மத்திய கிழக்கோடு சேர்த்தது. இனி அதன் பழைய தெற்காசிய எண்களைப் புதியவற்றோடு ஒப்பிடுபவர் பாடு திண்டாட்டம். எம் 49 அலுவலக வசதிக்காக இப்படி இடம் மாறுவதில்லை. 'மத்திய கிழக்கு' என்ற, ஐரோப்பாவில் நின்றுகொண்டு பார்த்த பிராந்தியத்துக்கு இதில் இடமே இல்லை. ஈரான் நீங்கலாக அந்த நாடுகள் மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் அமைகின்றன.

எனவே தீர்ப்பை இரண்டாகத்தான் தர முடியும். குறியீட்டு முறையாக எம் 49 முதல்தரம். பகுப்பாய்வுக்கான பிராந்தியங்களாக அது தேறவில்லை. அட்டவணையை அடுக்கும் தட்டுகளாக மட்டும் போதுமானது. திருத்தம் கடினமும் அல்ல. 'வளர்ந்த பிராந்தியங்கள்', 'வளரும் பிராந்தியங்கள்' என்ற பாகுபாட்டை 2021 டிசம்பரில் இதே ஆவணத்திலிருந்து நீக்கினார்கள். எந்த நாட்டின் எண்ணும் அதனால் மாறவில்லை. ஒருமை பற்றிய அந்த வாக்கியத்தையும் அப்படியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நாடும் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதலாம். ஈரானுக்கான வரியை வாசிக்க எனக்கு ஆவல்.