ஹோவர்டு குலமும் அதன் பெண்களும்

1485 ஆகஸ்ட் 22 அன்று போஸ்வொர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டுக்காகப் போரிட்டு மடிந்தவர்களில் ஜான் ஹோவர்டும் ஒருவர். நார்ஃபோக் கோமகன் பட்டம் கைக்கு வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதன்பின் டியூடர் ஆட்சியில் இந்தக் குடும்பம் எழுந்ததும் விழுந்ததும் நெடுங்காலம் ஆண்வழிக் கதையாகவே எழுதப்பட்டது. மகன் தாமஸ் 1513இல் ஃப்ளாடனில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்து, மறு ஆண்டே பட்டத்தை மீட்டார். கொள்ளுப்பேரன் சர்ரே பிரபுவின் தலை 1547இல் போயிற்று; அவர் மகன் நான்காம் கோமகனின் தலை 1572இல். நெவில் வில்லியம்ஸ் 1964இலும் டேவிட் ஹெட் 1995இலும் எழுதிய கோமகன்களின் வாழ்க்கை வரலாறுகள் இந்தத் தடத்தில் வந்த நல்ல நூல்கள். ஆனால் அவற்றில் குடும்பம் என்றால் பெரும்பாலும் பட்டம் சூடியவர்தான்.

ஃப்ளாடனில் வென்றவரின் மகனும் மூன்றாம் கோமகனுமான இன்னொரு தாமஸ், அரசன் எட்டாம் ஹென்றியின் மனைவியரில் ஆன் பொலினுக்குத் தாய்மாமன், கேத்தரின் ஹோவர்டுக்குப் பெரியப்பா. அண்ணன் தம்பி மகள்களையும் தங்கை மகள்களையும் அரசனுக்குக் கட்டிவைத்து அதிகாரம் தேடிய குலம் என்பது இன்றும் நாவல்களில் ஓடும் கதை. 1536இல் ஆனுக்கு மரண தண்டனை விதித்த நீதிமன்றத்தில் தலைமை வகித்தவர் அந்தத் தாய்மாமனே. கேத்தரின் கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டில் சிக்கியதும் அவரே 1541 டிசம்பரில் அரசனுக்குக் கடிதம் எழுதி, சிறைப்பட்ட தன் சிற்றன்னையையும் உறவினரையும் கைகழுவினார். ஒரே அணியாக நின்ற குலம் இப்படியா நடந்துகொள்ளும்?

இதற்கு வெளிச்சம் தருபவை கோமகனின் மனைவி எலிசபெத் ஸ்டாஃபோர்டின் கடிதங்கள். பக்கிங்ஹாம் கோமகனின் மகளான அவர், பெஸ் ஹாலண்ட் என்பவளோடு கணவர் வாழ்வதைப் பொறுக்க மறுத்தார். ரெட்போர்னில் ஒதுக்கி வைக்கப்பட்ட நிலையில் அரசனின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். வீட்டுப் பெண்கள் தன்னைக் கட்டிப்போட்டு, ரத்தம் துப்பும்வரை நெஞ்சின்மேல் உட்கார்ந்தார்கள் என்கிறார். மகளைப் பெற்றெடுத்த வேளையில் கணவர் தலைமுடியைப் பிடித்துப் படுக்கையிலிருந்து இழுத்தார் என்றும் குற்றம் சாட்டினார். கோமகன் அதை அடியோடு மறுத்தார். கணவருக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி நெருக்கியவர்களில் சொந்தப் பிறந்த வீட்டாரும் உண்டு. இக்கடிதங்கள் பல 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறிவிட்டன. ஆனால் வாயாடி மனைவியின் புலம்பல் என்று ஒதுக்கப்பட்டன. 1982இல் பார்பரா ஹாரிஸ்தான் இவற்றைத் திருமணம், சொத்து, சட்டம் பற்றிய சான்றுகளாக எடுத்து ஆராய்ந்தார். நிக்கோலா கிளார்க் 2018இல் வெளியிட்ட நூல் அதை விரித்து, ஹோவர்டுப் பெண்களின் விசுவாசம் ஆண்களின் அரசியலோடு எப்போதும் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது.

எலிசபெத்தின் மகள் மேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சர்ரே புனித எட்வர்ட் அரசரின் சின்னத்தைத் தன் குலச்சின்னத்தில் சேர்த்தார் என்பதே அவர்மேல் சுமத்திய ராஜதுரோகம். விசாரணையில் மேரி சொன்னவை அவருக்குப் பாதகமாயின. 1547 ஜனவரி 19 அன்று சர்ரே கொல்லப்பட்டார். அவரோடு சிறைப்பட்டு மரணத்தை எதிர்நோக்கியிருந்த தந்தை, 28ஆம் தேதி அரசர் இறந்ததால் உயிர்தப்பினார். ‘அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள்’ என்று பழைய நூல்கள் மேரியை விட்டுவிடுகின்றன. அதே மேரிதான் பிறகு அண்ணன் பிள்ளைகளை வளர்த்தார், ஜான் ஃபாக்ஸ் என்ற அறிஞரை ஆசிரியராக அமர்த்தினார், தந்தையின் விடுதலைக்கும் முயன்றார். ஒற்றைச் சொல்லில் அடங்காத பெண்.

ஜெஸ்ஸி சைல்ட்ஸ் 2006இல் எழுதிய சர்ரேயின் வரலாறும், காரெத் ரஸ்ஸல் 2017இல் எழுதிய கேத்தரினின் வரலாறும் விறுவிறுப்பானவை. பொது வாசகருக்கு ஏற்றவை. ஆனாலும் இக்குடும்பத்தை அறிய விரும்புகிறவர் வம்சமரத்தைப் பிறகு பார்க்கலாம். எலிசபெத்தின் கடிதங்களை முதலில் படியுங்கள்.