கதையும் ஓரக்குறிப்பும்

மதரஸாக்களில் ஓதப்படும் பழைய கிதாபுகளைக் கண்டவர்கள் அவற்றின் பக்க அமைப்பை அறிவார்கள். நடுவே மூலம், அதைத் தழுவி விரிவுரை, சுற்றிலும் சிற்றெழுத்துகளில் ஹாஷியா எனப்படும் ஓரக்குறிப்பு. ஜலாலுத்தீன் மஹல்லீ தொடங்கி, அவர் மறைந்தபின் ஜலாலுத்தீன் சுயூத்தீ நிறைவு செய்த தப்ஸீர் ஜலாலைன் கையடக்கமான நூல். அதற்கு ஸாவீ எழுதிய ஹாஷியாவோ பல பாகங்களாக விரிகிறது. இச்சொல் ஏன் இங்கு வந்தது, வேறொரு சொல் ஏன் வரவில்லை என்று வரிதோறும் கேட்டுப் படித்தவர்களின் கைத்தடமே ஹாஷியா. தமிழில் நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் செய்ததும் இதே பணிதான்.

இத்தகைய மரபுக்கு உரிய நாம், சிறுகதையைக் கையில் எடுத்தவுடன் அதை மறந்துவிடுகிறோம். கதைதானே என்று கண்ணை ஓடவிடுகிறோம். முடிவைக் கண்டதும் மூடிவைக்கிறோம். சிறுகதையோ சொன்னதைவிடச் சொல்லாததை அதிகமாகச் சுமந்து வரும் வடிவம். பத்துப் பக்கத்தில் ஒரு வாழ்வைக் காட்ட முனைந்தவன் ஒரு சொல்லையும் வீணாக்கியிருக்க மாட்டான். அவன் நிறுத்தி நிறுத்தி எழுதியதை நாம் நில்லாமல் படித்தால், நம் கைக்கு வருவது கதையின் எலும்பு மட்டுமே.

இடைசெவல் தந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் செல்வர் வீட்டுப் பிள்ளையும், உன்னிடம் என்ன, என்னிடம் என்ன என்று போட்டியிடுவதில் கதை தொடங்குகிறது. தீபாவளி வருகிறது. உடலெல்லாம் சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் ஏழை வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். அவ்வீட்டுத் தாய் தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டி, உடுத்தி, உணவளிக்கிறாள். அவன் பெயர் ராஜா. செல்வர் வீட்டுக்கோ மருமகனான ஜமீன்தார் வந்திருக்கிறார், அவரும் ராஜா. தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சிறுமி மங்கம்மாள் அறிவிப்பதோடு கதை முடிகிறது.

இதை ஒருமுறை படித்தவர் ‘ஏழையின் இரக்கம் உயர்ந்தது’ என்று கூறி அமைந்துவிடுவார். அது பிழையன்று, ஆனால் அதற்கு இக்கதை தேவையில்லை, ஒரு நீதிமொழி போதும். ஒரு பென்சிலை எடுத்து, ‘ராஜா’ என்ற சொல் வரும் இடங்களிலெல்லாம் கோடிட்டுப் பாருங்கள். ஒரே சொல் ஓரிடத்தில் பட்டமாகவும் மற்றோரிடத்தில் பெயராகவும் நிற்கிறது. இறுதியில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இனித் தொடக்கத்திற்குத் திரும்பி, பிள்ளைகளின் போட்டியருகே ஒரு குறியிடுங்கள். மங்கம்மாளின் கடைசிச் சொல்லும் அப்போட்டியின் ஒரு வீச்சே என்பது அப்போது விளங்கும். அவள் அறம் போதிக்கவில்லை. விளையாட்டில் தன் முறைக்கு விடை சொல்கிறாள். பெருமை பேச ஒன்றுமில்லாத வீட்டுக்கு, பெருமையாகச் சொல்ல ஓர் அநாதை கிடைத்திருக்கிறான்! கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தந்தைக்கென வைத்திருந்த துண்டு அச்சிறுவனுக்குச் செல்லும் இடத்தில், ‘தந்தை எதை உடுத்துவார்?’ என்று ஓரத்தில் எழுதுங்கள். இரக்கம் என்று நாம் எளிதாகப் பேசுவதற்கு ஒரு விலை உண்டு என்பதை அக்கேள்வி உணர்த்தும். செல்வச் சிறுவன் பேசும் இடத்தில், ‘இவன் தீயவனா?’ என்று எழுதுங்கள். அவனும் ஒரு குழந்தையே என்பது புலப்படும். செல்வரைப் பகைப்பதற்காக எழுதிய கதை என்று அவசரத்தில் தீர்ப்பளிக்காமல் பென்சில் நம்மைக் காக்கிறது.

‘அருமை’, ‘உருக்கம்’ என்று எழுதுவது ஓரக்குறிப்பு ஆகாது. அது கைதட்டல். பக்கம் முழுவதும் கோடிடுவதும் கோடிடாமல் இருப்பதும் ஒன்றே. குறிப்பு கேள்வியாக இருக்கட்டும், ஐயமாக இருக்கட்டும், மறுப்பாகவும் இருக்கலாம். நூலில் எழுதுவது மரியாதைக் குறைவு என்று நம் இல்லங்களில் ஓர் எண்ணம் உண்டு. இறைமறைக்குக் காட்டும் அந்தப் பேணுதலை நாம் குறை கூறோம். ஆயினும் நாம் விலை கொடுத்து வாங்கிய கதைநூலுக்கு, அதனோடு பேசுவதே மரியாதை. இரவல் நூலாயின் ஒரு துண்டுத்தாளில் பக்க எண்ணோடு எழுதிவைக்கலாம்.

இவ்வளவும் வெறும் படிப்பு நயத்திற்காகச் சொல்வதல்ல. நம்மவர் வாழ்வைச் சித்திரிக்கும் ஒரு கதை வெளிவந்தால், படித்தவர் பத்துப் பேராகவும் தீர்ப்புக் கூறுவோர் நூறு பேராகவும் இருக்கக் காண்கிறோம். சமுதாயத்தை இழிவுபடுத்திவிட்டதாக ஒருவர் சொல்வார். ஊர் அதையே திருப்பிச் சொல்லும். எந்தப் பக்கம், எந்த வரி, அதைச் சொன்னவன் ஆசிரியனா, அவன் படைத்த பாத்திரமா என்று கேட்டால் விடை வராது. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து, யார் சொன்னது என்று உறுதி செய்தபின்னரே ஹதீஸை ஏற்ற அறிஞர்களின் வழிவந்தவர்களுக்கு இது அழகாகுமா? புகழ்வதாயினும் பழிப்பதாயினும் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் கதையின் வரிகளில் கிடக்கிறது.

ஆகவே ஒரு கதையைப் பற்றி வாய் திறக்குமுன், அதன் ஓரத்தில் நம் கை ஒரு குறியேனும் இட்டதா என்று கேட்டுக்கொள்வோமாக. இடவில்லையெனில், மீண்டும் முதல் வரிக்குச் செல்வதே முறை.