700 வருஷத் தனிமை

ஒரு ரோபோ தனிமையில் வாடுகிறது என்று நம்மை நம்பவைக்க எத்தனை பக்கம் வசனம் வேண்டும்? ஒரு வரிகூட வேண்டாம் என்று 2008-ல் காட்டியது பிக்ஸாரின் ‘வால்-ஈ’.

மனிதர்கள் குப்பையாக்கிவிட்டுக் கிளம்பிப் போன பூமியில், 700 வருஷமாகக் குப்பையை அமுக்கிச் சதுரம் சதுரமாக அடுக்கிக்கொண்டிருக்கும் ஒரு டப்பா. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி. அப்புறம், 1969-ல் வந்த ‘ஹலோ, டாலி!’ படத்தின் வீடியோ கேஸட். அதில் ஜோடி கைகோத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் தானே கோத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனின் குழு, சாப்ளின், கீட்டன் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துப் பாடம் படித்தது. வால்-ஈக்கு வாய்கூடக் கிடையாது. பைனாகுலர் மாதிரி இரண்டு கண்கள்தான். குரல், ‘ஸ்டார் வார்ஸ்’ ஒலிகளை உருவாக்கிய பென் பர்ட்.

ஆனால், படத்தில் நிஜமான தனியாள் ரோபோ இல்லை. விண்கப்பலில் அடுத்தடுத்த நாற்காலியில் மிதந்தபடி, ஆளுக்கொரு திரையைப் பார்த்துப் பேசும் மனிதர்கள். ஒரு பெண்ணின் திரை அணைந்த பிறகுதான் அங்கே நீச்சல்குளம் இருப்பதே அவளுக்குத் தெரிகிறது. அன்றைக்கு இது ஜோக். இன்றைக்கு நம் வீட்டு ஹால்.

ஒரே குறை, முடிவு. நினைவழிந்த வால்-ஈக்கு, காதலி ஈவ் தரும் ஒரு முத்தப் பொறியில் எல்லாம் திரும்பிவிடுகிறது. சௌகரியமான மேஜிக்! நினைவு வராமலே விட்டு, ஈவ் மறுபடி முதலிலிருந்து பழக ஆரம்பித்திருந்தால்? குழந்தைகள் அழுதிருப்பார்கள். பெரியவர்கள், வீட்டுக்குப் போயும் கொஞ்ச நேரம் டி.வி. போடாமல் இருந்திருப்பார்கள்.